கெர்னல் பில்ட் பாதியில் நின்றுவிட்டதா? எரரைப் படிக்கும் வழி

லினக்ஸ் கெர்னலை சோர்ஸிலிருந்து பில்ட் செய்யும்போது திரையில் ஆயிரக்கணக்கான வரிகள் ஓடும். திடீரென்று எல்லாம் நின்று, கடைசியில் 'மேக்: *** எரர் 2' என்று ஒரு வரி வரும். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் அந்தக் கடைசி வரியைத்தான் எடுத்துத் தேடுகிறார்கள். அதனால் ஒரு பயனும் இல்லை, ஏனென்றால் அது கம்பைலர் சொன்னதே அல்ல. பில்டை நடத்தும் மேக் என்ற கருவி ஒவ்வொரு டைரக்டரிக்குள்ளும் இன்னொரு மேக்கை ஓட்டுகிறது. உள்ளே இருப்பது தோற்றால் வெளியே இருப்பதும் நின்றுவிடும். எரர் 2 சொல்வது அவ்வளவுதான்.

இன்னொன்றையும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எடுத்திருப்பது முறையாக வெளியான ஸ்டேபிள் பதிப்பு என்றால், சிக்கல் கெர்னல் கோடில் இருக்கும் வாய்ப்பு குறைவு. உங்கள் கணினியில் இல்லாத ஒரு பேக்கேஜ், பொருந்தாத கான்ஃபிக் (எந்தப் பகுதிகளை பில்ட் செய்வது என்ற தேர்வுகள்), பொருந்தாத கம்பைலர், போதாத மெமரி: இந்த நான்கில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். சி மொழி தெரியாதவர்கூட இவற்றைச் சரிசெய்துவிடலாம்.

படி 1: முதல் எரரைக் கண்டுபிடியுங்கள்

'மேக் -ஜே8' என்று கொடுத்தால் எட்டு வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கும். ஒன்று தோற்ற பிறகும் மற்றவை கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் உண்மையான எரர் கடைசி வரிக்கு நூறு வரிகள் மேலேகூட இருக்கலாம். முழு வெளியீட்டையும் ஒரு ஃபைலில் சேமியுங்கள்: 'மேக் -ஜே8 2>&1 | டீ பில்ட்.லாக்'. இதில் 2>&1 என்ற பகுதியை விட்டுவிட்டால் எரர்கள் திரையில் மட்டும் வரும், ஃபைலுக்குள் போகாது. அப்புறம் அந்த ஃபைலை மேலிருந்து கீழாகத் தேடி 'எரர்:' என்று வரும் முதல் இடத்தைப் பாருங்கள். இன்னும் எளிய வழி, பில்ட் நின்றதும் எண் எதுவும் கொடுக்காமல் வெறும் 'மேக்' மட்டும் ஓட்டுவது. முடிந்த வேலைகளைத் தாண்டி, தோற்ற இடத்துக்கு அது நேராக வந்துவிடும்.

படி 2: அந்த வரியை முழுசாகப் படியுங்கள்

அடிக்கடி வரும் ஒன்றைப் பார்ப்போம்:

ஹோஸ்ட்சிசி சர்ட்ஸ்/எக்ஸ்ட்ராக்ட்-சர்ட்
சர்ட்ஸ்/எக்ஸ்ட்ராக்ட்-சர்ட்.சி:21:10: ஃபேட்டல் எரர்: ஓப்பன்எஸ்எஸ்எல்/பயோ.எச்: நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி

இரண்டாவது வரியில் இருப்பவை ஃபைலின் பெயர், 21ஆவது வரி, 10ஆவது எழுத்து, அப்புறம் காணாமல் போன ஹெடர் (மற்ற ஃபைல்கள் சேர்த்துக்கொள்ளும் அறிவிப்பு ஃபைல்). ஆனால் முதல் வரியில் உள்ள 'ஹோஸ்ட்சிசி' என்ற சொல்லைப் பலர் கவனிப்பதில்லை. வெறும் 'சிசி' என்றிருந்தால் கெர்னலின் ஒரு பகுதி கம்பைல் ஆகிறது. 'எல்டி' என்றால், கம்பைல் ஆன துண்டுகளை ஒன்றாக இணைக்கும் லிங்கர் ஓடுகிறது. 'ஹோஸ்ட்சிசி' என்றால், பில்டுக்கு உதவும் ஒரு சின்ன நிரல் உங்கள் கணினியிலேயே ஓடுவதற்காகத் தயாராகிறது. கெர்னல் வெளி லைப்ரரி எதையும் நம்பி இருப்பதில்லை, ஆனால் இந்த உதவி நிரல்களுக்கு அவை வேண்டும். ஆகவே இங்கே ஹெடர் இல்லை என்று வந்தால், ஒரு பேக்கேஜ் குறைகிறது என்று கிட்டத்தட்ட முடிவே செய்துவிடலாம்.

'ஓப்பன்எஸ்எஸ்எல் ஏற்கெனவே இருக்கிறதே' என்று தோன்றும். நிரலை ஓட்டுவதற்கான பேக்கேஜ் வேறு, கம்பைல் செய்வதற்கான ஹெடர்கள் உள்ள பேக்கேஜ் வேறு. டெபியன், உபுண்டுவில் அதன் பெயர் லிப்எஸ்எஸ்எல்-டெவ், ஃபெடோராவில் ஓப்பன்எஸ்எஸ்எல்-டெவல். எந்த ஹெடர் எந்தப் பேக்கேஜில் இருக்கிறது என்று தெரியவில்லையா? டெபியன் வகையில் 'ஏபிடி-ஃபைல் சர்ச்', ஃபெடோராவில் 'டிஎன்எஃப் ப்ரொவைட்ஸ்' என்று கேட்டால் சொல்லிவிடும். டெபியன் வகையில் பில்ட்-எசென்ஷியல், ஃப்ளெக்ஸ், பைசன், பிசி, லிப்எஸ்எஸ்எல்-டெவ், லிப்எல்ஃப்-டெவ் ஆகியவற்றைத் தொடங்கும் முன்பே போட்டுவிட்டால் இந்த வகை எரர் பாதிக்கு மேல் வராது.

படி 3: 'நோ ரூல் டு மேக் டார்கெட்' என்று வந்தால்

உபுண்டுவின் கான்ஃபிக்கை நகலெடுத்து, வெளியிலிருந்து இறக்கிய கெர்னலை பில்ட் செய்பவர்கள் எல்லோரும் இதைச் சந்திப்பார்கள். 'டெபியன்/கனானிக்கல்-சர்ட்ஸ்.பெம்' என்ற ஃபைல் இல்லை என்று வரும். அது உபுண்டுவின் சொந்த சோர்ஸில் மட்டும் இருக்கும் சான்றிதழ். சோர்ஸ் டைரக்டரியில் உள்ள டாட்-கான்ஃபிக் (.config) ஃபைலைத் திறந்து, 'கான்ஃபிக்_சிஸ்டம்_ட்ரஸ்டட்_கீஸ்', 'கான்ஃபிக்_சிஸ்டம்_ரிவொகேஷன்_கீஸ்' இரண்டின் மேற்கோள் குறிகளுக்குள் இருப்பதை அழித்துவிடுங்கள். குறிகள் மட்டும் இருக்கட்டும்.

படி 4: கம்பைலரின் வயதையும் கெர்னலின் வயதையும் ஒப்பிடுங்கள்

பழைய கெர்னலைப் புதிய கம்பைலரில் போடும்போது வரும் எரர்கள்தான் புதியவர்களை அதிகம் குழப்பும். அவை பார்ப்பதற்குக் கோடில் உள்ள பிழை போலவே இருக்கும். 2020இல் வந்த ஜிசிசி 10, ஒரே குளோபல் வேரியபிள் இரண்டு ஃபைல்களில் அறிவிக்கப்பட்டால் லிங்கர் ஏற்காதபடி இயல்பு நிலையை மாற்றியது. அதனால் பழைய கெர்னல்களில் 'மல்ட்டிபிள் டெஃபினிஷன் ஆஃப் ஒய்ஒய்லாக்' என்று வரும். 2025இல் வந்த ஜிசிசி 15, சி23 தரத்தை இயல்பாக்கியது. அதில் ட்ரூ, ஃபால்ஸ், பூல் மூன்றும் மொழியின் சொந்தச் சொற்கள். அவற்றைத் தானே வரையறுத்துக்கொள்ளும் பழைய கோடு அங்கே உடையும்.

கோடைத் திருத்த இறங்காதீர்கள். ஒரு பழைய ஜிசிசியைக் கூடவே நிறுவி, 'மேக் சிசி=ஜிசிசி-9 ஹோஸ்ட்சிசி=ஜிசிசி-9' என்று கொடுங்கள். ஒய்ஒய்லாக் எரர் வருவது உதவி நிரலில் என்பதால் சிசியை மட்டும் மாற்றினால் போகாது, ஹோஸ்ட்சிசியும் வேண்டும். கான்ஃபிக் கட்டளை உட்பட ஒவ்வொரு முறை மேக் ஓட்டும்போதும் இவற்றைக் கொடுக்க வேண்டும். மாற்றியதும் ஒருமுறை 'மேக் கிளீன்' செய்துவிடுங்கள். மறுபக்கமும் உண்டு: கெர்னல் 5.15க்குக் குறைந்தது ஜிசிசி 5.1 வேண்டும், 6.16க்கு 8.1.

வார்னிங்குகளை எரராக எடுத்துக்கொண்டதாகச் செய்தி வந்தால், 'கான்ஃபிக்_வெரர்' என்ற தேர்வை அணைத்தால் பெரும்பாலும் போதும்.

படி 5: கணினியையும் சந்தேகப்படுங்கள்

'கில்ட்' என்ற சொல்லோடு கம்பைலர் செத்தால், மெமரி தீர்ந்து கெர்னலே அதை நிறுத்தியிருக்கும். கெர்னலின் செய்திகளைக் காட்டும் 'டிமெசேஜ்' (dmesg) கட்டளையில் பார்த்தால் உறுதியாகும். ஜே எண்ணைக் குறையுங்கள், ஸ்வாப் (மெமரிக்குத் துணையாகும் டிஸ்க் இடம்) சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஃபைலில் 'செக்மென்டேஷன் ஃபால்ட்' வந்தால் ரேமை மெம்டெஸ்ட்86+ கொண்டு சோதியுங்கள். ஒரே ஃபைலில் திரும்பத் திரும்ப வந்தால் ரேமைவிட கம்பைலர் மேல்தான் சந்தேகப்பட வேண்டும்.

டிஸ்க் நிறைந்துவிட்டதா என்றும் பாருங்கள். உபுண்டு போன்ற லினக்ஸ் விநியோகங்களின் கான்ஃபிக்கில் ஆயிரக்கணக்கான டிரைவர்கள் இருக்கும். 'மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்' இப்போது ஓடும் மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொள்ளும். அதற்கு முன் நீங்கள் பயன்படுத்தும் யூஎஸ்பி சாதனங்களை எல்லாம் செருகிவிடுங்கள். சோர்ஸ் இருக்கும் பாதையில் இடைவெளி, முக்காற்புள்ளி கூடாது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பார்க்காத டிஸ்க்கும் கூடாது: சோர்ஸில் அந்த வேறுபாடு மட்டுமே கொண்ட ஃபைல் பெயர்கள் இருக்கின்றன.

படி 6: திருத்தியதைச் சின்னதாகச் சோதியுங்கள்

தோற்ற ஃபைலின் பெயரில் .சி இருக்கும் இடத்தில் .ஓ போட்டு, 'மேக்' என்பதோடு சேர்த்துக் கொடுத்தால் அந்த ஒரு ஃபைல் மட்டும் கம்பைல் ஆகும். உதவி நிரல்களுக்கு இது பொருந்தாது. 'வி=1' என்று சேர்த்தால் கம்பைலருக்குப் போகும் முழுக் கட்டளையும் தெரியும். எல்லாவற்றையும் துடைக்கும் 'மேக் எம்ஆர்ப்ராப்பர்' உங்கள் டாட்-கான்ஃபிக்கையும் அழித்துவிடும். ஓட்டும் முன் அதை வேறு இடத்தில் நகலெடுத்து வையுங்கள்.

இதற்குப் பிறகும் நின்றால் தெரிந்தவரிடம் கேளுங்கள். முதல் எரர், அதற்கு மேலே உள்ள இருபது வரிகள், கெர்னல் பதிப்பு, 'ஜிசிசி --வெர்ஷன்' சொல்வது, உங்கள் டாட்-கான்ஃபிக். இவை ஐந்தையும் எழுத்தாகக் கொடுங்கள். ஸ்கிரீன்ஷாட்டாக அனுப்பினால் அவரால் அதில் எதையும் தேட முடியாது.