முசுறு வளர்க்க ஆசையா? முதல்ல அந்தக் கூட்டை வெட்டாதீங்க

கோடை மழை ரெண்டு பெஞ்சா போதும், எனக்கு ஒரே மாதிரி போட்டோவா வர ஆரம்பிச்சிடும். மாமரத்துலேர்ந்து கிளையோட வெட்டின ஒரு முசுறுக் கூடு (மரத்துல இலையைத் தைச்சுக் கூடு கட்டற எறும்புதான் முசுறு), அதை அமுக்கி வச்ச ஒரு பிளாஸ்டிக் டப்பா, கூடவே "அண்ணா, எறும்புக் காலனி கிடைச்சிருச்சு"ன்னு ஒரு மெசேஜ். காலனின்னா ராணியும் அதோட எறும்புகளும் சேந்த மொத்தக் குடும்பம். நானும் ஒரு காலத்துல இதே டப்பாவோட சுத்தினவன்தான், அதனால திட்ட வாய் வரல, எரிச்சல் மட்டும் இன்னும் போகல.

வெயில்ல வைக்காதீங்க, தண்ணி காயவிடாதீங்க மாதிரி விஷயத்தையெல்லாம் இங்க எழுதப் போறதில்ல. முசுறுக்குன்னே இருக்கற சிக்கல் மட்டும்தான். தோப்புக்குத் தோப்பு கிடக்கற எறும்புதான், ஆனா வீட்டுல ராணியோட ஒரு வருஷம் தாண்டி வச்சிருக்கற ஆளைத் தேடித்தான் பிடிக்கணும்.

கூடு கிடைச்சா காலனி கிடைச்சிடுச்சுன்னு நெனைக்கறது

ஒரு புத்து, அதுக்குள்ள ஒரு ராணின்னு மண்ணெறும்பைப் பாத்தே பழகிட்டோம். முசுறு அப்படிக் கிடையாது. ஒரே காலனிக்கு ஒரு மரத்துல பல கூடு, பெரிய காலனின்னா பக்கத்து மரங்களையும் சேத்து நூறு கூடு கூட இருக்கும், ஒர்க்கர், அதாவது வேலைக்கார எறும்பு, எண்ணிக்கை லட்சத்தைத் தாண்டும், இத்தனைக்கும் முட்டை போடற ராணி பொதுவா ஒண்ணே ஒண்ணுதான், அது எந்தக் கூட்டுக்குள்ள இருக்குன்னு கீழ நின்னு பாத்தா தெரியவே தெரியாது. எல்லை ஓரமா இருக்கற கூட்டுலல்லாம் பெரும்பாலும் வயசான ஒர்க்கர்தான், காவலுக்குன்னு அங்க தங்கும். கைக்கு எட்டுதேன்னு நீங்க வெட்டறது அந்த மாதிரி ஒண்ணா இருந்தா, ஏற்கனவே சாகற வயசுல இருக்கற எறும்பைத்தான் வீட்டுக்குக் கொண்டு வர்றீங்க.

"இல்லண்ணா, உள்ள முட்டை இருந்துச்சு, புழு இருந்துச்சு"ம்பாங்க. இருக்கும்தான். ராணி போடற முட்டையை ஒர்க்கருங்க தூக்கிட்டுப் போய் மத்த கூடுகள்ல வச்சு வளர்க்கும். இலையைத் தைக்கறதுக்கே வளர்ந்த புழுவோட பட்டு நூல்தான் வேணும், புழுவை வாயில கவ்விக்கிட்டு இந்த இலைக்கும் அந்த இலைக்குமா இழுத்துத்தான் ஒட்டும். அதனால புழு இருக்கறது ராணி இருக்கறதுக்கு சாட்சி ஆகாது.

இதைவிட மோசமா ஏமாத்தறது பச்சை ராணி. போன வருஷம் ஒரு காலேஜ் தம்பி "ராணி கேரண்டி"ன்னு சொன்ன யாரோ ஒருத்தர்கிட்ட காசு குடுத்து ஒரு கூடு வாங்கிட்டான். கொரியர்ல வந்த பெட்டியைத் திறந்தா, பெருசு பெருசா பச்சையா றெக்கையோட நாலஞ்சு உக்காந்திருக்கு. ராத்திரியில போன் பண்ணி "அண்ணா ஒரு ராணி கேட்டேன், அஞ்சு அனுப்பிட்டாங்க"ன்னு ஒரே சந்தோஷம். தம்பி, அது இன்னும் பறக்கவே இல்ல, இணை சேரல, அது முட்டை போட்டாலும் ஒர்க்கர் வராதுன்னேன். ஒத்துக்கல. கொஞ்ச வாரம் கழிச்சு முட்டை போட்டோ அனுப்பி "இப்ப என்ன சொல்றீங்க"ன்னு கேட்டான். பொறுத்துப் பாருன்னு விட்டுட்டேன். கடைசியில வெளிய வந்ததெல்லாம் கருப்பா சின்னதா றெக்கை வச்ச ஆண் எறும்பு. ராணியோட வாசனை இல்லாமப் போனா ஒர்க்கரே முட்டை போட ஆரம்பிச்சிடும், கருவுறாத முட்டைங்கறதால அதுலேர்ந்து ஆண் மட்டும்தான் வரும். ஆண் எறும்பு இரை தேடாது, கூடு தைக்காது, சும்மா தின்னுட்டு செத்துப்போகும். ஒர்க்கரும் ஒண்ணொண்ணா குறைஞ்சு பெட்டி காலி.

அந்த வாசனை எவ்வளவு பலம்னா, ராணி செத்த பிறகு கூட அதோட உடம்பு கூட்டுக்குள்ள இருக்கற வரைக்கும் மாசக்கணக்கா ஒர்க்கர் அப்படி முட்டை போடறதில்லன்னு எறும்பு ஆராய்ச்சியாளர்கள் ஹோல்டாப்ளரும் வில்சனும் 1983ல எழுதியிருக்காங்க.

சரி, அதிர்ஷ்டம் அடிச்சு ராணி இருக்கற கூட்டையே வெட்டிட்டீங்கன்னு வைங்க. அது இன்னும் கொடுமை. மரத்துல மிச்சம் இருக்கற அத்தனை கூடும் அனாதை, புது ராணி உருவாக்கிக்கத் தெரியாது, கொஞ்ச மாசத்துல மொத்தமும் அழிஞ்சிடும். மாமரத்துலயும் முந்திரியிலயும் பூச்சியைத் தின்னு தீர்க்கற எறும்பு இது, சீனாவுல கி.பி. 304 வாக்குலயே ஆரஞ்சுத் தோட்டத்துக்குன்னு இந்தக் கூட்டைப் பையில வச்சு சந்தையில வித்திருக்காங்க. தோப்புக்காரர் கடிக்குப் பயந்து திட்டுவார்தான், ஆனா நீங்க வெட்டினதுக்கு அப்புறம் மருந்தடிக்கற செலவும் அவருக்குத்தான்.

மழைக்கு அப்புறம் இணை சேந்து, றெக்கை உதிர்ந்து, ஏதாவது இலை மடிப்புல தனியா ஒதுங்கியிருக்கற ராணியைத் தேடுங்க. இலையைச் சுருட்டிக் கட்டி வச்சா தானா வந்து புகுந்துக்கறதும் உண்டு. லேட் ஆகும், ஆனா அது ஒண்ணுதான் வழி.

தினமும் எட்டிப் பாக்கறது

பாக்காதீங்க. பயந்தா ராணி தன் முட்டையைத் தின்னுடும்.

தனி ராணிக்கு ஈரக் காட்டன் வச்ச டெஸ்ட் டியூப் போதும், முதல் ஒர்க்கர் வர்ற வரைக்கும் சாப்பாடே வேணாம், உடம்புல இருக்கற சத்தை வச்சே ஓட்டிடும். நல்ல சூடு இருந்தா ஒரு மாச வாக்குல முதல் ஒர்க்கர் வரும்.

துணைக்கு ஒர்க்கர் பிடிச்சுப் போடறது

வேற காலனி ஒர்க்கரை உள்ள விட்டா ராணியைப் பிடிச்சு நாலு பக்கமும் இழுத்துக் கொன்னுடும். பியூபா (கூட்டுப்புழு) மட்டும் போடுங்க. முசுறு பியூபாவுக்கு மேல பட்டு உறை கிடையாது, வெள்ளையா கால் மடக்கினாப்ல வெறுமனே இருக்கும், ஈஸியா அடையாளம் தெரியும். அதுலேர்ந்து பொறக்கற ஒர்க்கர் இந்த ராணியையே தன் ராணியா எடுத்துக்கும். காலனி சீக்கிரம் பெருக இதைவிட நல்ல வழி நான் பாத்ததில்ல.

காத்துப் போகாத டப்பா

முசுறு கொட்டாது, கடிச்சிட்டு அந்தக் கடிவாயில ஃபார்மிக் ஆசிட்டைப் பீய்ச்சும். இறுக்கி மூடின டப்பாவுல ஆட்டிக்கிட்டே பைக்ல கொண்டு போனீங்கன்னா அது பீய்ச்சின ஆசிட்லயே அது செத்துடும். மூடியில ஓட்டை போட்டு மெல்லிசான ஸ்டீல் வலை ஒட்டுங்க. துணி வலையைக் கடிச்சுப் பிச்சிடும்.

அகழியை நம்பறது

பலகாரத் தட்டைச் சுத்தி தண்ணி வைக்கற வீட்டு வித்தை இதுக்கிட்ட ரொம்ப நாள் நிக்காது. ஒண்ணோட இடுப்பை ஒண்ணு கவ்விக்கிட்டு சங்கிலி போட்டு இறங்கும், எட்டற தூரத்துல எதாவது இருந்தா தாண்டிடும். கண்ணாடியில தலைகீழா நின்னுக்கிட்டு தன் எடையைவிட நூறு மடங்கைத் தூக்கற காலு அதுக்கு. டால்கம் பவுடரை ஸ்பிரிட்ல குழைச்சு விளிம்புல பூசலாம், ஆனா கடலோர ஊர்ல அடைமழை நேரத்துல அது ஈரம் இழுத்துக்கிட்டு வேலை செய்யாது, திரும்பத் திரும்பப் பூசணும். எத்தனை பேர் பவுடரெல்லாம் ஒழுங்கா பூசிட்டு, ஃபேன் காத்துல ஒரு இலை சுவத்தைத் தொடறதைக் கவனிக்காம விட்டிருக்காங்க தெரியுமா. அந்த ஒரு இலை போதும்.

வெளிநாட்டுக்கு ராணி விக்கறது

வேண்டாம். 2025ல கென்யாவுலேர்ந்து ராணி எறும்புகளைக் கடத்தப் பாத்த நாலு பேருக்கு ஆளுக்கு பத்து லட்சம் ஷில்லிங் அபராதம்.

நர்சரி செடியை அப்படியே எறும்புப் பெட்டிக்குள்ள வைக்கறது

எலுமிச்சை, கொய்யா, மான்னு நல்ல வளையற இலையா பாத்துத்தான் வாங்குவீங்க, தப்பில்ல. ஆனா நர்சரியில வேர் வழியா ஏத்தற பூச்சிமருந்து போட்டிருந்தா இலையைக் கழுவி ஒண்ணும் ஆகாது, விஷம் சாறுலயே ஓடுது. வாங்கிட்டு வந்து பால்கனியில சில மாசம் விட்டுடுங்க, புதுத் தளிர் வரட்டும். அந்தத் தளிர்ல மாவுப்பூச்சியோ அசுவினியோ தானா வந்து ஒட்டிக்கிட்டு நல்லா பெருகினா விஷம் போயிடுச்சுன்னு அர்த்தம், அப்பதான் செடியை உள்ள எடுக்கலாம். அந்தப் பூச்சியைத் துடைச்சிடாதீங்க, அது விடற இனிப்புத் தண்ணிக்குத்தான் முசுறு அலையும்.