அமெரிக்காவில் சொந்தமாக மருத்துவக் காப்பீடு எடுப்பது எப்படி?

வேலையை விட்டுச் சொந்தத் தொழில் தொடங்கியவர்கள், கான்ட்ராக்டில் இருப்பவர்கள், கிரீன் கார்டில் பெற்றோரை அழைத்து வந்தவர்கள் எல்லோருக்கும் நவம்பர் 1 முக்கியமான நாள். அன்றைக்குத்தான் ஓபன் என்ரோல்மென்ட், அதாவது யார் வேண்டுமானாலும் காப்பீட்டில் சேரக்கூடிய வருடாந்தரக் காலம், தொடங்குகிறது. டிசம்பர் 15-க்குள் திட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் ஜனவரி 1 முதல் காப்பீடு இருக்கும். சில மாநிலங்களில் அதற்குப் பிறகும் அவகாசம் உண்டு. இருந்தாலும் டிசம்பர் 15-ஐயே கடைசி நாளாக வைத்துக்கொள்ளுங்கள். இதைத் தவறவிட்டால் திருமணம், குழந்தை பிறப்பு, வேலை வழியே வந்த காப்பீடு போவது போன்ற காரணம் இருந்தால்தான் நடுவில் சேர முடியும். அதற்கும் பொதுவாக 60 நாள்தான் கெடு.

முதல் படி: சரியான தளத்துக்குப் போங்கள்

டெக்சாஸ், புளோரிடா, வட கரோலினா போன்ற மாநிலங்களுக்கு ஹெல்த்கேர்.காவ் என்ற அரசுத் தளம். கலிஃபோர்னியாவுக்கு கவர்ட் கலிஃபோர்னியா, நியூ ஜெர்சிக்கு கெட் கவர்ட் என்ஜே, பென்சில்வேனியாவுக்கு பென்னி என்று தனித் தளங்கள் இருக்கின்றன. ஹெல்த்கேர்.காவ் முகப்பில் உங்கள் மாநிலத்தைத் தேர்ந்தெடுத்தால் அதுவே சரியான இடத்துக்கு அனுப்பிவிடும். கூகுளில் தேடி மேலே வரும் விளம்பரத்தைச் சொடுக்காதீர்கள். அங்கே போன் நம்பரைக் கொடுத்துவிட்டால் நாள் முழுக்க ஏஜென்டுகளின் அழைப்புதான். மலிவாகத் தெரியும் குறுகிய காலத் திட்டங்களும் அப்படித்தான் தலையில் கட்டப்படும். சர்க்கரை, இரத்த அழுத்தம் போன்ற பழைய நோய்களைக் காட்டி அவை கைவிரிக்கலாம். மார்க்கெட்பிளேஸ் எனப்படும் இந்த அரசுத் தளங்களில் விற்கும் திட்டங்கள் 2014 முதல் அப்படி மறுக்க முடியாது.

இரண்டாவது படி: அடுத்த வருட வருமானத்தைக் கணக்கிடுங்கள்

கேட்பது போன வருட வருமானத்தை அல்ல, காப்பீடு இருக்கப்போகும் வருடத்தின் வருமானத்தை. பிரீமியத்துக்கான வரிச் சலுகை இதை வைத்துத்தான் தீர்மானமாகிறது. 2021 முதல் கிடைத்த கூடுதல் சலுகை 2025 முடிவோடு நின்றது. 2026 திட்டங்களுக்கு, தனி ஆளின் வருமானம் 62,600 டாலரைத் தாண்டினால் சலுகையே கிடையாது. முன்பு, வருமானத்தைக் குறைத்துச் சொல்லி அதிகச் சலுகை வாங்கியிருந்தால், பலருக்குத் திருப்பிக் கட்ட ஓர் உச்சவரம்பு இருந்தது. 2026 வரி வருடம் முதல் அந்த வரம்பும் இல்லை. அதிகமாக வாங்கியதை முழுவதும் கட்ட வேண்டும். அதனால் கொஞ்சம் கூட்டியே சொல்லுங்கள். வருமானம் மாறினால் உடனே தளத்தில் திருத்துங்கள்.

எச்1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். 2027 முதல் இந்தச் சலுகை அவர்களுக்குக் கிடைக்காது. திட்டத்தை முழு விலை கொடுத்து வாங்கலாம். கிரீன் கார்டு உள்ளவர்களுக்குச் சலுகை தொடரும்.

மூன்றாவது படி: பிரீமியத்தை மட்டும் பார்க்காதீர்கள்

பலரும் சறுக்கும் இடம் இது. பிரான்ஸ் (வெண்கலம்), சில்வர், கோல்டு என்ற பெயர்கள் செலவை நீங்களும் கம்பெனியும் எப்படிப் பங்கு போட்டுக்கொள்கிறீர்கள் என்பதைத்தான் காட்டுகின்றன. சராசரியாக மருத்துவச் செலவில் பிரான்ஸ் 60 சதவீதமும், சில்வர் 70-ம், கோல்டு 80-ம் ஏற்கும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பிரான்ஸ் திட்டத்துக்கு மாதம் 380 டாலர், வருடத்தில் பிரீமியம் போக சிகிச்சைக்கு நீங்கள் கட்டும் கைச்செலவின் உச்சவரம்பு 10,000 என்று வையுங்கள். கோல்டு திட்டத்துக்கு மாதம் 560, உச்சவரம்பு 7,000. டாக்டரிடமே போகாத வருடத்தில் பிரான்ஸில் 2,160 டாலர் மிச்சம். ஆனால் ஓர் அறுவை சிகிச்சை வந்துவிட்டால் பிரான்ஸில் மொத்தம் 14,560, கோல்டில் 13,720. மோசமான வருடத்தில் மலிவுத் திட்டம்தான் அதிகம் கேட்கிறது! ஒவ்வொரு திட்டத்துக்கும் இந்த இரண்டு தொகைகளையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

வருமானம் குறைவாக இருந்தால் (2026-க்குத் தனி ஆளுக்கு 39,125 டாலர் வரை) முதலில் சில்வரைப் பாருங்கள். டிடக்டிபிளையும் (காப்பீடு பங்கு தரத் தொடங்கும் முன் நீங்கள் கட்டும் தொகை) கோபேயையும் (ஒவ்வொரு முறை போகும்போதும் கட்டும் தொகை) குறைக்கும் தனிச் சலுகை சில்வரில் மட்டும்தான் உண்டு. பிரான்ஸ் எடுத்தால் அது கைவிட்டுப் போகும்.

நான்காவது படி: உங்கள் டாக்டர், உங்கள் மருந்து

இதில் நான் பட்டிருக்கிறேன். மனைவியின் தைராய்டு டாக்டருடைய கிளினிக்குக்குப் போன் செய்து, "எங்கள் இன்சூரன்ஸை எடுத்துக்கொள்வீர்களா?" என்று கேட்டேன். "எடுத்துக்கொள்வோம்" என்றார்கள். இரண்டு முறை போய், இரத்தப் பரிசோதனையும் முடிந்த பிறகு முழு பில்லும் வீட்டுக்கு வந்தது. அந்தக் கம்பெனியின் பெரிய அலுவலகங்களுக்கான திட்டத்தைத்தான் கிளினிக் ஏற்றுக்கொண்டிருந்தது. நாங்கள் வாங்கியிருந்த மார்க்கெட்பிளேஸ் திட்டத்தின் நெட்வொர்க்கில், அதாவது அந்தத் திட்டத்தோடு ஒப்பந்தம் உள்ள டாக்டர்கள், மருத்துவமனைகள் பட்டியலில், அவர்கள் இல்லை.

அதனால் கம்பெனி பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள். திட்டத்தின் முழுப் பெயரையும் நெட்வொர்க் பெயரையும் சொல்லி, "ஜனவரி முதல் இந்த நெட்வொர்க்கில் டாக்டர் இருக்கிறாரா?" என்று கேளுங்கள். பதில் சொன்னவரின் பெயர், தேதி இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் திட்டத்தின் சொந்தத் தளத்திலும் தேடிப் பாருங்கள். லேபையும் பக்கத்து மருத்துவமனையையும் விட்டுவிடாதீர்கள்.

மருந்துகளுக்கு, பாட்டிலை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு திட்டத்தின் மருந்துப் பட்டியலில் தேடுங்கள். மெட்ஃபார்மின் ஈஆர் (மெதுவாகக் கரையும் சர்க்கரை நோய் மாத்திரை) என்ற ஒரே பெயரில் சில வகைகள் மிக மலிவு, சில வகைகள் பல மடங்கு விலை. பெயர் மட்டும் பொருந்தினால் போதாது. வகையும் அளவும் பொருந்த வேண்டும்.

ஐந்தாவது படி: முதல் பிரீமியத்தைக் கட்டுங்கள்

திட்டத்தைத் தேர்ந்தெடுத்ததோடு வேலை முடியவில்லை. முதல் மாதப் பணம் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தால்தான் காப்பீடு தொடங்கும். ஏற்கெனவே திட்டம் இருப்பவர்களைத் தளம் தானாகவே அடுத்த வருடத்துக்குச் சேர்த்துவிடும். ஆனால் பிரீமியமும் நெட்வொர்க்கும் மருந்துப் பட்டியலும் வருடா வருடம் மாறுவதால், அப்படி விட்டுவிடாமல் ஒரு முறை உள்ளே போய்ப் பாருங்கள். குழப்பமாக இருந்தால், நேவிகேட்டர் என்ற பயிற்சி பெற்ற உதவியாளர்கள் இருக்கிறார்கள், கட்டணம் கிடையாது. ஹெல்த்கேர்.காவ் தளத்தில் உங்கள் ஜிப் கோடைப் போட்டால் அருகில் இருப்பவர்களைக் காட்டும். டிசம்பர் இரண்டாம் வாரத்தில் கூட்டம் அலைமோதும், நவம்பரிலேயே நேரம் வாங்கிவிடுங்கள்.