பத்தாம் வகுப்புப் புவியியல்: வெற்று மேப்பிலிருந்து பதினொன்றாம் வகுப்பு குரூப் வரை

பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் தேர்வில் மன்னார் வளைகுடாவைக் கொண்டுபோய்ப் பாக் நீர்ச்சந்தியில் குறித்துவிட்டு வந்தவள் நான். எங்கள் ஊர் கோவில்பட்டி. வீட்டில் வாரம் இரண்டு நாள் தூத்துக்குடி மீன். அதாவது மன்னார் வளைகுடா மீனைத் தின்றே வளர்ந்தவளுக்கு அது மேப்பில் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. ராமேசுவரத்துக்கு வடக்கே நீர்ச்சந்தி, தெற்கே வளைகுடா. இவ்வளவுதான் விஷயம். ஆனால் நான் பெயர்களை மனப்பாடம் செய்திருந்தேனே தவிர, ஒருநாளும் கையால் குறித்துப் பார்க்கவில்லை.

இப்போது தெருப் பிள்ளைகள் நாலைந்து பேருக்குச் சாயங்காலம் பாடம் சொல்லித் தருகிறேன். அவர்களிடம் சொல்வதை வரிசையாக இங்கே எழுதுகிறேன். தமிழ்நாடு பாடத்திட்டத்தில் பத்தாவது படிப்பவர்களுக்கும், அடுத்து எந்த குரூப் எடுப்பது என்று இப்போதே வீட்டில் வாக்குவாதம் நடத்திக்கொண்டிருப்பவர்களுக்கும்.

படி 1: வினாத்தாளை முதலில் பாருங்கள்

புத்தகத்தைத் திறப்பதற்கு முன் பழைய வினாத்தாள் ஒன்றை ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் நான்கும் சேர்ந்து ஒரே தாள், 100 மதிப்பெண். ஒரு மதிப்பெண் 14, இரண்டு மதிப்பெண் 10, ஐந்து மதிப்பெண் 10, எட்டு மதிப்பெண் 2. அந்த இரண்டு எட்டு மதிப்பெண்ணில் ஒன்று மேப்.

தேர்ச்சிக்கு 35 வேண்டும். அதில் எட்டு, கிட்டத்தட்ட கால்வாசி, ஒரு வாக்கியம்கூட எழுதாமல் கிடைக்கிறது. சுமாராகப் படிக்கும் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய சலுகை எந்தப் பாடத்திலும் கிடையாது. அப்படியும் கடைசி வாரம்வரை மேப்பைத் தொடாதவர்கள்தான் அதிகம்.

புவியியலில் ஏழு பாடங்கள். ஐந்து இந்தியாவைப் பற்றியது, இரண்டு தமிழ்நாட்டைப் பற்றியது. கடைசி இரண்டையும் கடைசிக்கு விடாதீர்கள். நம் ஊர்ப் பாடம் என்பதால் சீக்கிரம் மண்டையில் ஏறும்; முதலிலேயே படித்தால் தைரியமும் வரும்.

படி 2: முப்பது வெற்று மேப் வாங்குங்கள்

நோட்டுக்கடையில் இந்தியா வெற்று மேப் இருபது, தமிழ்நாடு பத்து வாங்கிக்கொள்ளுங்கள். பென்சில், ரப்பர், சிவப்புப் பேனா ஒன்று. வேறு எதுவும் வேண்டாம்.

முதல் நாள் இரண்டே கோடுகள். குஜராத்தின் கட்ச் பக்கத்திலிருந்து மிசோரம்வரை குறுக்கே கடகரேகை, 23°30′. மேலிருந்து கீழாக 82°30′ தீர்க்கக்கோடு. உத்தரப் பிரதேசத்தின் மிர்சாபூர் வழியாக இறங்கி, ஆந்திராவில் காக்கிநாடாவுக்கு அருகில் கடலுக்குப் போகும். நம் கடிகார நேரம் இந்தக் கோட்டை வைத்துத்தான். இரண்டும் சத்தீஸ்கரில் வெட்டிக்கொள்ளும். இப்போது மேப் நான்கு துண்டாகிவிட்டது. இனி எதைக் குறித்தாலும் 'எந்தத் துண்டில்?' என்று முதலில் கேளுங்கள். பாதித் தவறுகள் அங்கேயே நின்றுவிடும்.

இரண்டாம் நாள் மலைகள். மூன்றாம் நாள் ஆறுகள். ஆறுகளைப் பிறக்கும் இடத்திலிருந்து படிப்பதைவிடக் கடலில் சேரும் இடத்திலிருந்து படிப்பது சுலபம். கிழக்குக் கடற்கரையில் வடக்கிலிருந்து தெற்காக மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா, பெண்ணாறு, காவிரி. தமிழ்நாட்டுக்குள் பாலாறு, தென்பெண்ணை, காவிரி, வைகை, தாமிரபரணி. விரல்விட்டு எண்ணுவதுபோல நாலு தடவை சொல்லிக்கொண்டே வரையுங்கள். நர்மதையும் தபதியும் மட்டும் கூட்டத்தோடு சேராமல் மேற்கே போகும். இரண்டுமே காம்பே வளைகுடாவில் விழும். அதற்கு மேலே இருப்பது கட்ச் வளைகுடா. இந்த இரண்டு வளைகுடாவையும் மாற்றிக் குறிக்காத பிள்ளையை நான் இதுவரை பார்த்ததில்லை.

நான்காம் நாள் கடற்கரைகள்: கொங்கணம், மலபார், சோழமண்டலம். அப்புறம் மண், பயிர், தொழிற்சாலை.

ஒவ்வொரு நாளும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து குறிக்க வேண்டும். பிறகு திறந்து, தவறானதைச் சிவப்பில் திருத்த வேண்டும். மறுநாள் மேப்பில் அந்தச் சிவப்பை மட்டும் திரும்பக் குறித்தால் போதும். சரியாகத் தெரிந்ததையே பத்துத் தடவை குறித்து அழகு பார்ப்பது நேரத்தை வீணடிக்கும் வேலை. மேப் அழகாக வேண்டும் என்று வண்ணம் தீட்டிக்கொண்டு உட்காருபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

குறிக்கும் விதத்திலும் ஒழுங்கு வேண்டும். ஊருக்குப் புள்ளி. ஆற்றுக்குக் கோடு. மண்ணோ பயிரோ விளையும் பகுதி என்றால் சாய்கோடு போட்டு நிரப்ப வேண்டும். புள்ளி வைத்தால் போதாது. பருவக்காற்று என்றால் அம்பு, அதுவும் சரியான திசையில்.

அந்த அம்பை வைத்துத்தான் அடுத்த படி.

படி 3: காற்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்

புவியியலில் ஒன்றைத்தான் முழுதாகப் புரிந்துகொள்ள நேரம் இருக்கிறது என்றால் பருவக்காற்றைப் புரிந்துகொள்ளுங்கள். காலநிலை, ஆறுகள், வேளாண்மை, தமிழ்நாடு என்று நாலு பாடம் அதில் தொங்குகிறது.

எங்கள் ஊரில் ஆடி மாதம் கதவைத் திறந்துவைக்க முடியாது. புழுதியை வாரி அடிக்கும். 'ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும்' என்பார்கள். ஆனால் ஒரு சொட்டு மழை இருக்காது. அதே நாளில் பஸ் ஏறிக் குற்றாலம் போனால் சாரல், அருவியில் கூட்டம். ஒரே காற்று, அங்கே ஈரம், இங்கே புழுதி. ஏன்?

அரபிக்கடலிலிருந்து ஈரத்தோடு வரும் தென்மேற்குக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டி மேலே ஏறுகிறது. மேலே ஏறக் குளிர்கிறது. குளிர ஈரம் மழையாகிக் கேரளப் பக்கம் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி நம் பக்கம் இறங்கும்போது சூடாகி உலர்ந்துபோகிறது. நமக்குக் கிடைப்பது அந்த உலர்ந்த மிச்சம். இதைத்தான் புத்தகம் 'மழை மறைவுப் பகுதி' என்று ஒரு வரியில் முடிக்கிறது. மலையை ஒட்டியிருப்பதாலும் கணவாய் வழியாகக் காற்று நுழைவதாலும் குற்றாலத்துக்கு மட்டும் கொஞ்சம் சாரல் சிந்துகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குப் பக்கத்தில் முப்பந்தலிலும், எங்கள் கயத்தாறு பக்கமும் காற்றாலைகள் வரிசை கட்டி நிற்பதும் இந்தக் காற்றை நம்பித்தான்.

அக்டோபரில் காற்று திரும்புகிறது. வடகிழக்கிலிருந்து நிலத்தின் மேல் வறண்டு கிளம்பி, வங்காள விரிகுடாவைக் கடக்கும்போது ஈரத்தை வாங்கிக்கொண்டு நம் கடற்கரைக்கு வருகிறது. சென்னையில் நவம்பரில் பள்ளிக்கு லீவு விடுவது அதனால்தான்.

இப்போது மேட்டூருக்கு வாருங்கள். அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12, குறுவை என்கிற குறுகிய கால நெல்லுக்காக. ஜூனில் தஞ்சாவூரில் பெரிய மழை கிடையாதே, தண்ணீர் எங்கிருந்து வரும்? காவிரி பிறக்கும் குடகிலும், கபினி வரும் வயநாட்டிலும் பெய்யும் தென்மேற்குப் பருவமழைதான் ஆறு வழியாக இறங்கி வருகிறது. அதாவது நமக்கு மழையாக வராத காற்று, சுற்றிக்கொண்டு ஆறாக வருகிறது. அந்த மழை பொய்த்தால் குறுவை போச்சு. இரண்டு மாநிலத்துக்கும் சண்டை.

இந்த ஒரு சங்கிலியைக் கோர்த்துவிட்டால், 'தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் தமிழ்நாடு குறைந்த மழை பெறுகிறது, காரணம் கூறுக' என்பதற்கு மனப்பாடம் தேவையில்லை. உங்கள் ஊரில் எந்த மாதம் எந்தத் திசையிலிருந்து காற்று அடிக்கிறது என்று பாட்டியிடம் கேளுங்கள். கைடை விடத் தெளிவாகச் சொல்வார்.

படி 4: விடை எழுதும் விதம்

'வேறுபடுத்துக' என்றால் இரண்டு கட்டம் போட்டு, வரிக்கு வரி ஒரே விஷயத்தை ஒப்பிடுங்கள். இமயமலை ஆறுகள் வற்றாதவை என்று இடப்பக்கம் எழுதினால், வலப்பக்கம் தீபகற்ப ஆறுகள் பருவகால ஆறுகள் என்றுதான் வர வேண்டும். அங்கே நீளத்தைப் பற்றி எழுதினால் ஒப்பீடே இல்லை. 'காரணம் கூறுக'வில் முதல் வரியிலேயே காரணம் வந்துவிடட்டும். ஐந்து மதிப்பெண்ணுக்குச் சின்னத் தலைப்புகள். ஒரு மதிப்பெண்ணுக்குப் பாடத்தின் பின்பக்கக் கேள்விகளை ஒன்று விடாமல் பாருங்கள். அவ்வளவுதான், இதற்கு மேல் இதில் ரகசியம் எதுவும் இல்லை.

அரையாண்டு, திருப்புதல் தேர்வுத் தாள்களை மட்டும் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிடாதீர்கள். உங்கள் தவறுகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன.

படி 5: குரூப் எடுப்பதற்கு முன்

தேர்வு முடிந்த மறுநாளே வீட்டில் ஆரம்பித்துவிடும். மார்க் வந்தால் ஃபர்ஸ்ட் குரூப், குறைந்தால் காமர்ஸ், இன்னும் குறைந்தால் ஆர்ட்ஸ் என்று ஏதோ ஏணிப்படி போல. இந்த ஏணியை யார் செய்து வைத்தார்களோ தெரியவில்லை. கணக்கே பிடிக்காத பிள்ளை 450 வாங்கிவிட்டது என்பதற்காக மேத்ஸ் குரூப்பில் தள்ளப்பட்டு, இரண்டு வருடம் அழுததைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

ஏணிக்குப் பதில் கதவுகளைப் பாருங்கள். எந்த குரூப் எந்தக் கதவை மூடுகிறது? மருத்துவம் என்றால் இயற்பியல், வேதியியல், உயிரியல் இல்லாமல் நீட் பக்கம் போக முடியாது. அண்ணா பல்கலைக்கழகப் பொறியியல் கலந்தாய்வில் கட் ஆஃப் மொத்தம் 200-க்குக் கணக்கிடுவார்கள். கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. ஐந்து வருடச் சட்டப் படிப்புக்கும், சி.ஏ.வுக்கும் எந்த குரூப்பிலிருந்தும் போகலாம்; ஆனால் சி.ஏ. நினைப்பு இருந்தால் காமர்ஸ் படித்திருப்பது பெரிய உதவி.

சரி, மேப் போடப்போட உங்களுக்குப் புவியியல் பிடித்துப்போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் நேராக ஆர்ட்ஸ் குரூப்பா? அவசரப்படாதீர்கள். பிடித்தது எது என்று பிரித்துப் பாருங்கள்.

படி 3-இல் காற்றும் மழையும்தான் உங்களை இழுத்தது என்றால், அந்த ஆசை இயற்பியலுக்கும் கணக்குக்கும் போகிறது. வானிலை ஆய்வில் அவை இல்லாமல் நகர முடியாது. படி 2-இல் கோடு போட்டு இடத்தைக் கண்டுபிடிப்பதில்தான் சுகம் என்றால், கிண்டி பொறியியல் கல்லூரியில் ஜியோஇன்பர்மேட்டிக்ஸ் என்று பி.இ. படிப்பே இருக்கிறது. செயற்கைக்கோள் படம், டிஜிட்டல் மேப் எல்லாம் அதில் வரும். அதற்கும் மேத்ஸ் குரூப்தான் வழி. அந்தக் கல்லூரியே 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியதுதான். 1802-இல் பரங்கிமலை அருகே லாம்டன் என்ற ஆங்கிலேய நில அளவையாளர் அடிக்கோடு (மற்ற அளவுகளுக்கெல்லாம் ஆதாரமான முதல் கோடு) அளந்து தொடங்கிய வேலைதான் பின்னாளில் இந்தியா முழுவதையும் அளந்தது. மேப் பைத்தியத்துக்குச் சென்னை பழைய ஊர்.

மேட்டூர், குறுவை, இரண்டு மாநிலச் சண்டை, மக்கள் ஏன் இடம்பெயர்கிறார்கள் என்ற பக்கம் மனம் போனால், ஆர்ட்ஸ் குரூப் உங்களுக்கானது. வரலாறு, பொருளியலோடு புவியியலும் அங்கே இருக்கும்; செய்முறையும் உண்டு. பிறகு மாநிலக் கல்லூரி, ராணி மேரி கல்லூரி போன்ற இடங்களில் புவியியல் பட்டம் படிக்கலாம். ஆசிரியர் வேலை, டி.என்.பி.எஸ்.சி., யு.பி.எஸ்.சி. என்று போகிறவர்களுக்கு இந்தப் பாடங்கள் கடைசிவரை கூடவே வரும். யு.பி.எஸ்.சி. முதன்மைத் தேர்வில் புவியியலை விருப்பப் பாடமாகவே எடுக்கலாம்.

இதை அப்பா அம்மாவிடம் பேசும்போது 'எனக்குப் பிடிக்கும்' என்று மட்டும் சொன்னால் எடுபடாது. என் மாணவி ஒருத்தி தான் போட்ட முப்பது மேப்பையும், எந்தப் படிப்புக்கு எந்தப் பாடம் வேண்டும் என்று எழுதிய ஒரு தாளையும் அவள் அப்பா முன்னால் வைத்தாள். அவர் மேப்புகளைப் பார்த்தாரோ இல்லையோ, அந்தத் தாளை இரண்டு தடவை படித்தார்.

கடைசியாக, சேர்க்கைக்குப் போகும்போது பள்ளி அலுவலகத்தில் இரண்டு கேள்வி கேளுங்கள். புவியியல் உள்ள குரூப் இந்த வருடம் நடக்கிறதா? புவியியலுக்கென்று ஆசிரியர் இருக்கிறாரா, அல்லது வேறு பாட ஆசிரியர்தான் எடுக்கிறாரா? இரண்டாவது கேள்விக்கு உடனே பதில் வரவில்லை என்றால், பக்கத்து ஊர்ப் பள்ளியிலும் விண்ணப்பம் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.