‘நரம்பு மருந்து’ வாங்குமுன்

கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா கடைகளில் ஆணுறுப்பு விறைப்புக் குறைவுக்குத் தொங்காட் அலி மூலிகையோ லேகியமோ வாங்குமுன் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். ‘மால்’ (MAL) எழுத்துகள், எட்டு இலக்கம், கடைசியில் பாரம்பரிய மருந்துக்கான ‘டி’ (T) இருக்க வேண்டும். எண்ணை மலேசிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான என்பிஆர்ஏ (NPRA) இணையதளத்தில் தட்டுங்கள். வரும் பெயர் டப்பாவோடு ஒத்துப்போகவேண்டும். ஆனால் பதிவு பலனுக்கு உத்தரவாதமல்ல.

ஒரே மணி நேரத்தில் வேலை செய்யும் ‘மூலிகை’யில் சில்டெனாஃபில் (வயாகராவில் உள்ள மருந்து) கலந்திருக்கலாம். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் எடுப்பவருக்கு இரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். தயவுசெய்து தொடாதீர்கள்.

ஆணுறுப்பு நரம்பு நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்தால்தான் இரத்தக்குழாய் விரிந்து விறைப்பு வரும். நீரிழிவு அந்த நரம்பையே அரிக்கும். லேகியம் அதை மீட்காது. காலை விறைப்பு வழக்கம்போல் வந்தால் நரம்பு பெரும்பாலும் நலம், மனஅழுத்தத்தைப் பாருங்கள். அது வராமல் பாதமும் மரத்துப்போனால், கிளினிக் கெசிஹாத்தான் எனும் அரசு சுகாதார நிலையத்தில் எச்பிஏ1சி (சில மாதச் சர்க்கரைச் சராசரி), கொழுப்பு, இரத்த அழுத்தம் சோதியுங்கள். சாப்பிடும் லேகியத்தையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.