வேன் பயணத்தில் குளிக்கச் சுடுதண்ணி: முதன்முறை கிளம்புகிறவர்களுக்கு

மலேசியாவில், நம் சுங்கை சிப்புட்டில் மதியம் குழாயைத் திறந்தால் வருகிற தண்ணியே வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். அதனால் கேம்பர் வேனில் முதல் பயணம் போகிறவர்கள் படுக்கை, அடுப்பு, மின்விசிறி என்று எல்லாம் பார்த்துப் பார்த்து ஏற்றிவிட்டு, சுடுதண்ணியை மறந்துவிடுவார்கள். சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலை ஏறி பிரிஞ்சாங்கில் தங்கினால்தான் அதன் அருமை தெரியும். அங்கே உயரம் ஏறத்தாழ 1,500 மீட்டர்; விடியற்காலையில் 15 டிகிரி அளவுக்குக் குளிரும். ஆயுசு முழுக்க இருட்டோடு எழுந்து ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போன பாட்டியை ஆசையாக ஊர் சுற்றிக்காட்ட அழைத்துப் போகிறோம். அந்தக் குளிரில் அவரைப் பச்சைத்தண்ணியில் குளிக்கவிடலாமா?

படி 1: எவ்வளவு வேண்டும் என்று பாருங்கள்

ஷவர் ஆசையை முதல் பயணத்தில் விட்டுவிடுங்கள். வாளியும் சொம்பும் போதும். ஓர் ஆளுக்கு 11 லிட்டர் இருந்தால் தாராளமாகக் குளிக்கலாம். அந்த 11 லிட்டரையும் காய்ச்ச வேண்டியதில்லை. மலைத்தண்ணி 20 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 லிட்டர் பச்சைத்தண்ணியோடு 3 லிட்டர் கொதிதண்ணியைக் கலந்தால் 40 டிகிரிக்கு வந்துவிடும். குளிக்க அதுதான் இதமான சூடு. பிரிஞ்சாங் உயரத்தில் தண்ணி 100 அல்ல, ஏறத்தாழ 95 டிகிரியிலேயே கொதிக்கும்; அதையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. சமவெளியில் பச்சைத்தண்ணியே வெதுவெதுப்பாக இருப்பதால் 9 லிட்டருக்கு 2 லிட்டர் கொதிதண்ணி போதும்.

வாளியில் எப்போதும் பச்சைத்தண்ணியை முதலில் ஊற்றுங்கள், கொதிதண்ணி பிறகு. ஓடி வருகிற பிள்ளை வாளிக்குள் கையை விட்டாலும் வெந்துபோகாது. கலக்கிவிட்டு முழங்கையால் தொட்டுப் பார்த்த பிறகே ஆளைக் கூப்பிடுங்கள்.

படி 2: காய்ச்சுவது வெளியே

கேஸ் டின் போடுகிற சின்ன அடுப்பும் 3 லிட்டர் கெட்டிலும் ஆரம்பத்துக்கு நல்ல ஏற்பாடு. அடுப்பை வேனுக்கு வெளியே, சமமான மேசையில், காற்று மறைவில் வையுங்கள். மழை பெய்தாலும் உள்ளே கொண்டுபோகாதீர்கள். ஒரு கூடாரத்துணியைத் தலைக்கு மேலே கட்டி, பக்கங்களைத் திறந்துவிட்டு அங்கே காய்ச்சுங்கள். அடைத்த வண்டிக்குள் எரியும் அடுப்பிலிருந்து கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. தூக்கம் வருகிறது என்று நினைத்தபடியே உயிர் போய்விடும். கேஸ் கசிந்தால் அது காற்றைவிடக் கனம் என்பதால் தரையோடு தங்கிவிடும். நாம் படுத்திருப்பதும் அந்த உயரத்தில்தான்.

இன்னொன்று, நம் வீட்டுப் பழக்கத்தால் வருவது. ஆள் நிறைய என்று அந்தச் சின்ன அடுப்பில் பெரிய அண்டாவைத் தூக்கி வைக்காதீர்கள். அண்டா டின் இருக்கும் பக்கத்தையும் மூடிக்கொண்டால் அதன் சூடு டின்னுக்கு ஏறி, டின் வெடிக்கும். இரண்டு முறை கெட்டில் வைப்பது நேரமானாலும் பரவாயில்லை.

வீட்டிலேயே காய்ச்சி நல்ல ஃபிளாஸ்க்கில் ஊற்றியும் எடுத்துப் போகலாம். போய்ச் சேரும்போது 80 டிகிரிக்கு இறங்கியிருந்தால், 3 லிட்டருக்கு 6 லிட்டர் பச்சைத்தண்ணி மட்டும் கலக்குங்கள்.

படி 3: மின்சாரத்தை நம்பும் முன்

வீட்டுக் குளியலறையில் மாட்டுகிற உடனடி ஹீட்டர்களில் பல 3,600 வாட். அதை 12 வோல்ட் பேட்டரியில் ஓட்ட 300 ஆம்பியர் வேண்டும். நடக்காத காரியம். 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் மொத்தமே 1.2 கிலோவாட்-மணிதான் இருக்கும். லெட்-ஆசிட் என்றால் அதில் பாதியைத்தான் எடுக்கலாம். 10 லிட்டரை 20லிருந்து 40 டிகிரிக்குக் கொண்டுவரவே 0.23 கிலோவாட்-மணி போய்விடும். இரவு மின்விசிறிக்கும் விளக்குக்கும் வேண்டிய மின்சாரத்தைக் குளியலில் கரைக்காதீர்கள். தங்கும் இடத்தில் பிளக் பாயின்ட் கிடைத்தால் மட்டும் 1,000 வாட் கெட்டிலைப் போடுங்கள். 3 லிட்டர் கொதிக்க ஏறத்தாழ 20 நிமிடம் ஆகும்.

படி 4: இன்ஜின் சூடு

அடிக்கடி போகிறவர்களுக்கு என் கணக்கில் இதுதான் சிறந்த வழி. நாம் ஊற்றும் எண்ணெயில் பாதிக்கு மேல் வெறும் சூடாகவே வெளியேறுகிறது. மலை ஏறும்போது கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம், 90 டிகிரி அளவில் சுற்றிக்கொண்டிருக்கும். அதை ஒரு தொட்டிக்குள் இருக்கும் சுருள் குழாய் வழியாக ஓடவிட்டால் தொட்டித்தண்ணி காயும். கூலன்டும் தண்ணியும் ஒன்றோடொன்று கலக்காது. இந்தத் தொட்டிக்குக் காலோரிஃபையர் என்று பெயர்; படகுகளிலும் இதே ஏற்பாடு உண்டு. சுற்றிலும் தடித்த காப்பு உள்ள தொட்டி என்றால் பல மணி நேரம் சூடு தாங்கும்.

முதலில் உங்கள் வேனில், உள்ளே சூடுகாற்று தரும் ஹீட்டருக்குக் கூலன்ட் ஓடும் குழாய்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். நம் நாட்டில் விற்ற வேன்கள் பலவற்றில் ஏர்கான் மட்டும்தான், ஹீட்டர் கிடையாது. ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் வண்டியில் இருக்க வாய்ப்பு அதிகம். இருந்தால் அந்தக் குழாயிலிருந்தே கிளை எடுக்கலாம். இதை ரேடியேட்டர் வேலை தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள். அழுத்தம் கூடினால் திறக்கும் பாதுகாப்பு வால்வும், சூட்டைக் குறைத்துத் தரும் கலப்பு வால்வும் வைக்கச் சொல்லி, வைத்தாரா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். கலப்பு வால்வு இல்லாவிட்டால் தொட்டித்தண்ணி 60 டிகிரிக்கு மேல் குழாயில் கொட்டும். சில நொடியில் தோல் வெந்துவிடும். கூலன்ட் குழாயில் காற்று தங்கினால் இன்ஜினே சூடேறிக் கெடும் என்பதால், வேலை முடிந்ததும் காற்றை முழுக்க வெளியேற்ற வேண்டும். வண்டியில் நிரந்தரமாக எதைப் பொருத்துவதானாலும் ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்து இலாகா) முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

இந்தத் தண்ணி குளிக்க மட்டும்தான், மைலோ கலக்க அல்ல. கூலன்ட் விஷம், சுருள் ஓட்டையானால் தொட்டிக்குள் வந்துவிடும். தண்ணியில் நிறம் தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். சுடுதண்ணிக்காக நிறுத்திய வண்டியின் இன்ஜினை ஓடவிட்டபடி உள்ளே தூங்கவும் கூடாது. புகை உள்ளே வந்தால் அதிலும் கார்பன் மோனாக்சைடுதான்.

வீடு திரும்பிய அன்றே தொட்டியை முழுக்கக் காலி செய்து, மூடியைத் திறந்து காய விடுங்கள். வெதுவெதுப்பாக நாள்கணக்கில் கிடக்கும் தண்ணியில் கிருமி பெருகும்.