அக்லோனிமாவின் இலைகள் குழைந்தபோது

கத்திரி வெயில் நாள்களில், வேலூர் சத்துவாச்சாரியில் உள்ள எங்கள் வீட்டுக் கூடத்தில் அழகுக்காகத் தொட்டியில் வளர்க்கும் அக்லோனிமா என்ற இலைச்செடியின் அடியிலைகள் ஒவ்வொன்றாகத் துவண்டன. வெயில் 40 டிகிரியைத் தாண்டும் ஊராயிற்றே, செடிக்குத் தாகம்தான் என்று எண்ணிக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன்; அதுவே கேட்டை வளர்த்தது. நீரின்றி வாடும் இலை காய்ந்து மொரமொரப்பாகும். இந்த இலைகளோ காம்பருகே நீர் கோத்து, தொட்டவுடன் வெந்த கீரையைப் போலக் குழைந்தன.

தொட்டியைக் கவிழ்த்து வேரைக் கழுவினேன். பழுப்பேறிய வேர்களின் தோல் உரிந்து, நூல் போன்ற நரம்பு மட்டும் விரல்களில் நின்றது; சாக்கடை வாடையும் வீசியது. ஈரம் தேங்கிய மண்ணில் காற்றில்லாமல் வேர் அழுகிவிட்டால் அதனால் நீரை உறிஞ்ச முடியாது. ஆகவே சேற்றில் நின்றபடியே செடி வாடுகிறது.

ஸ்பிரிட்டில் துடைத்த கத்தரிக்கோலால் உறுதியான வெள்ளை வேர் தெரியும்வரை வெட்டி, குழைந்த இலைகளையும் நீக்கினேன் (சாறு பட்டால் தோல் அரிக்கும், கையுறை அவசியம்). தேங்காய் நார்க்கழிவும் மணலும் சிறிது மக்கிய தொழுவுரமும் கலந்து, அடியில் துளையுள்ள சிறிய மண் தொட்டியில் நட்டேன். பெரிய தொட்டியில் ஈரம் நெடுநாள் தங்கிவிடும். அதன்பின் மேல்மண் இரண்டு விரற்கடை ஆழத்துக்குக் காய்ந்த பிறகே தண்ணீர் விட்டேன். ஐந்தாம் வாரத்தில், சுருண்ட இளங்குருத்து ஒன்று நடுத்தண்டிலிருந்து எட்டிப் பார்த்தது.