திங்கட்கிழமைக்கான பயிற்சி: தலைமைத்துவ ஃபெலோஷிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குமரி மாவட்டத்தில் வேலைக்குப் போகும் கிறிஸ்தவ இளைஞர்கள் நான்கு பேரைச் சந்தித்தால், ஒருவர் திருவனந்தபுரம் கழக்கூட்டத்திலுள்ள டெக்னோபார்க் ஐ.டி. வளாகத்தில் இருப்பார்; ஒருவர் செவிலியர்; ஒருவர் கல்லூரி விரிவுரையாளர்; இன்னொருவர் வங்கியிலோ கட்டுமான நிறுவனத்திலோ வேலை பார்ப்பார். நால்வருமே ஓய்வுநாள் பள்ளியிலோ மறைக்கல்வி வகுப்பிலோ வளர்ந்தவர்கள். வசனம் தெரியும், பாட்டு தெரியும். ஆனால் அலுவலகத்தில் மேலதிகாரி ஒரு பொய்க் கணக்கில் கையெழுத்துக் கேட்டால் என்ன செய்வது என்று சபையில் யாரும் அவர்களோடு உட்கார்ந்து பேசியிருக்க மாட்டார்கள்.

அந்தக் குறையைத் தீர்க்க வந்தவைதான் விசுவாச அடிப்படையிலான தலைமைத்துவ ஃபெலோஷிப்புகள். பெரும்பாலும் ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை நடக்கும். பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட குழு, வாரம் ஒருமுறையோ இருவாரத்துக்கு ஒருமுறையோ கூடுகை, வாசிக்கச் சில பகுதிகள், அனுபவமுள்ள ஒரு வழிகாட்டி, இடையில் ஓரிரு தியான நாட்கள், கடைசியில் வேலையிடத்திலோ ஊரிலோ செய்ய வேண்டிய ஒரு பணி. நல்ல மனதோடுதான் எல்லோரும் சேர்கிறார்கள். ஆனாலும் ஆண்டு முடியும்போது பலர் கையில் மிஞ்சுவது ஒரு சான்றிதழும் குழுப் புகைப்படமும்தான். ஏன் இப்படி ஆகிறது என்று பார்த்தால், எல்லா ஊருக்கும் பொதுவான தவறுகள் சில உண்டு. நம் மாவட்டத்துக்கே உரியவையும் சில உண்டு.

பதவிக்குப் படிக்கட்டு

சபைக் குழுத் தேர்தலும் பேராயத் தேர்தலும் இங்கே எவ்வளவு சூடாக நடக்கும் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பேசத் தெரிந்த ஓர் இளைஞர் தலைமைத்துவப் பயிற்சியில் சேர்ந்துவிட்டார் என்றால், அடுத்த தேர்தலில் அவர் எந்த அணி என்று ஊர் கணக்குப் போடத் தொடங்கிவிடும். அவரும் நாளடைவில் அந்தக் கணக்குக்குள் போய்விடுவார். பிறகு கூடுகையில் அவர் பேசுவதெல்லாம் மேடைப் பேச்சாகவே இருக்கும். தடுமாறிய ஒரு விஷயத்தை அவரால் வாய்திறந்து சொல்ல முடியாது. இயேசுவின் வலப்பக்கமும் இடப்பக்கமும் இருக்கை கேட்ட யாக்கோபு, யோவான் கதையை மாற்கு பத்தாம் அதிகாரத்தில் எத்தனையோ முறை வாசித்திருக்கிறோம். பயிற்சி நடக்கும் ஆண்டில் எந்தத் தேர்தலிலும் நிற்பதில்லை என்று குழுவாகவே முடிவெடுப்பது நல்லது.

மயிலாடியின் மகாராசன் வேதமாணிக்கத்தை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். தஞ்சாவூரில் சுவிசேஷத்தை ஏற்று ஊர் திரும்பியபோது அவருக்கு எந்தப் பதவியும் இல்லை. உற்றார் உறவினருக்குக் கற்றுக்கொடுத்தார். தம் ஊருக்கு ஒரு மிஷனரி வேண்டும் என்று விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். மிஷனரி றிங்கல்தௌபே 1806-இல் மயிலாடிக்கு வந்து சேர்ந்ததன் பின்னால் அந்தக் குடியானவரின் பல ஆண்டுப் பிடிவாதம் இருக்கிறது.

ஞாயிறு வேறு, வேலை வேறு

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். வேலையிடத்தில் விசுவாசம் என்றவுடன் பலருக்குத் தோன்றுவது அலுவலக வாட்ஸ்அப் குழுவில் தினம் ஒரு வசனம் போடுவது, மேசையில் வசன அட்டை வைப்பது, சக ஊழியரிடம் கைப்பிரதி கொடுப்பது. வேலையின் உள்ளே நடப்பதைப் பற்றி ஒரு பேச்சும் இருக்காது.

இரவுப் பணியில் இருக்கும் ஒரு செவிலியரை எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளியின் கட்டிலில் தொங்கும் சார்ட்டில் பத்து மணிக்கு, இரண்டு மணிக்கு, ஆறு மணிக்கு என நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் காய்ச்சலும் எழுதக் கட்டங்கள் இருக்கின்றன. வார்டில் முப்பது பேர். பணியில் இரண்டே பேர். ஒரு அவசர கேஸ் வந்ததில் இரண்டு மணிக் கட்டம் காலியாகவே போய்விட்டது. காலை ஷிப்ட் வருவதற்குள் பத்து மணி எண்களைப் பார்த்து ஒன்றிரண்டைக் கூட்டிக் குறைத்து நிரப்பிவிடலாம். எல்லோரும் செய்வதுதான் என்று மூத்தவர்களே சொல்லுவார்கள். அந்தச் செவிலியர் நோயாளிக்காக ஜெபித்தாரா என்று சபை கேட்கும். அந்த இரண்டு மணி எண் உண்மையா என்பதை ஃபெலோஷிப் கேட்க வேண்டும். கட்டத்தைக் காலியாக விட்டு, பார்க்க முடியவில்லை என்று குறித்து, இரண்டு பேரால் முப்பது பேரைக் கவனிக்க முடியாது என்பதைப் பொறுப்பாளரிடம் எழுதிக் கொடுப்பதற்குத் துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சலுக்குப் பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள் என்ற நம்பிக்கையைத் தருவதற்குத்தான் குழு.

கட்டடப் பொறியாளருக்கும் இதே சோதனை உண்டு. கான்கிரீட் போடும் அன்றே 15 சென்டிமீட்டர் அச்சில் க்யூப் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து, ஏழாம் நாளும் 28-ஆம் நாளும் எந்திரத்தில் நொறுக்கிப் பார்க்க வேண்டும். க்யூபே வார்க்காமல் அறிக்கையில் எண் எழுதச் சொன்னால் என்ன செய்வது? பையில் இரண்டு விதமான எடைக்கற்களை வைத்திருக்காதே என்ற உபாகமம் 25-ஆம் அதிகாரத்துக் கட்டளை நேராக அந்தச் சைட்டில் நிற்பவருக்குத்தான். தானியேலைச் சிங்கக் கெபியோடு மட்டும் சேர்த்து நினைக்கிறோம். அதற்கு முன்பு, அவருடைய அலுவலில் குற்றம் கண்டுபிடிக்கத் தேடித் தேடிப் பார்த்தும் எதிரிகளுக்கு ஒன்றும் அகப்படவில்லை என்று அதே ஆறாம் அதிகாரம் சொல்கிறது. அந்த வசனத்தை வைத்து ஒரு மாதம் பேசலாம்.

ஆகவே ஒவ்வொரு கூடுகையிலும் ஒருவருக்கு அரை மணி நேரம் கொடுங்கள். அந்த வாரம் தம் வேலையில் எடுத்த, அல்லது எடுக்கத் தயங்கிய, ஒரு முடிவை அவர் சொல்லட்டும். ஆட்களின் பெயரும் நிறுவனத்தின் ரகசியமும் வேண்டாம். மற்றவர்கள் உடனே அறிவுரையில் இறங்காமல் முதலில் கேள்வி கேட்கட்டும்.

ஜெபக் குறிப்பு என்ற பெயரில்

இப்படி மனம் திறந்து பேச வேண்டுமானால் பேசியது வெளியே போகாது என்ற உறுதி வேண்டும். நம் மாவட்டத்தில் அது எளிதில்லை. யாரைத் தொட்டாலும் யாருக்கோ சொந்தம். அருமனையில் ஒருவர் மனம் உடைந்து சொன்னது அந்த வாரமே தக்கலையில் பெண் பார்க்கப் போகும் வீட்டுக்குத் தெரிந்துவிடும். கெட்ட எண்ணத்தோடு யாரும் பரப்புவதில்லை என்பதுதான் வேதனை. ‘இன்னாருக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள், வேலை போய்விட்டதாம்’, ‘இன்னார் மனச்சோர்வுக்கு மருந்து எடுக்கிறாராம், பாரத்தோடு ஜெபியுங்கள்’ என்று அன்போடுதான் செய்தி கிளம்புகிறது. கேட்டவர் தம் வீட்டு ஜெபத்தில் சொல்கிறார். அங்கிருந்து பெண்கள் ஐக்கியத்துக்கும் அன்பியக் கூட்டத்துக்கும் போகிறது. சம்பந்தப்பட்டவர் அடுத்த கூடுகைக்கு வருவதில்லை. ஏன் வரவில்லை என்று யாருக்கும் புரிவதுமில்லை.

முதல் கூடுகையிலேயே விதியை வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். ஒருவர் சொன்னதை அவர் அனுமதி இல்லாமல் ஜெபமாகக்கூட வேறு இடத்தில் சொல்லக் கூடாது. கணவன் மனைவியிடம்கூட. வாட்ஸ்அப் குழுவில் நேரமும் இடமும் மட்டும். தனிப்பட்ட விஷயம் எதுவும் வேண்டாம். இதற்கு ஒரே விலக்கு, ஒருவர் உயிருக்கு ஆபத்து என்ற நிலை. தற்கொலை எண்ணமோ வீட்டில் வன்முறையோ இருப்பதாகத் தெரிந்தால் வழிகாட்டி அதை ரகசியம் என்று மூடி வைக்கக் கூடாது, உதவிக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்பதையும் அன்றே சொல்லிவிட வேண்டும். மனநல உதவிக்கு 14416 என்ற டெலி மானஸ் எண் எந்நேரமும் இயங்குகிறது. ஜெபமும் மருத்துவமும் ஒன்றுக்கொன்று எதிரி என்று இன்றும் நினைப்பவர்கள், 1838-இல் நெய்யூரில் மிஷனரிகள் தொடங்கிய மருத்துவப் பணியை நினைத்துப் பார்க்கட்டும்.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். ஊரறிந்த பெரிய மனிதரைத் தேடுவார்கள். அவருக்கு நேரம் இருக்காது. ஒருவர் பேசுவதைப் பத்து நிமிடம் கேட்கும் பழக்கமும் இருக்காது. உங்கள் சொந்தச் சபையின் போதகர் அல்லது பங்குத்தந்தை, உங்கள் மேலதிகாரி, உங்கள் உறவினர் ஆகியோரையும் தவிர்ப்பது நல்லது. அவர்களிடம் மதிப்பு இருக்கலாம். சுதந்திரமாகப் பேச முடியாது.

நம் ஆட்கள்

கோட்டாறு மறைமாவட்டம் 1930-இலும் குழித்துறை மறைமாவட்டம் 2014-இலும் அமைந்தன. சி.எஸ்.ஐ. கன்னியாகுமரிப் பேராயம் 1959-இல் பிறந்தது. இவை போக இரட்சணிய சேனை, லுத்தரன், மலங்கரை, பெந்தெகொஸ்தே சபைகள். இத்தனை இருந்தும் குழு சேர்க்கும்போது ஒரே சபை, ஒரே பள்ளி, சொல்லாமலே ஒரே சாதி என்று வந்து நிற்கிறது. கடலோரத் தூத்தூரிலிருந்தோ முட்டத்திலிருந்தோ வரும் ஒருவருக்கும் குலசேகரத்து ரப்பர் தோட்டத்துக் குடும்பத்தில் வளர்ந்த ஒருவருக்கும் கிறிஸ்து ஒருவர்தான், வாழ்க்கை வேறு. இருவரும் ஒரு மேசையில் உட்காராத குழு பாதி உலகத்தைத்தான் பார்க்கும். கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாடப் பந்தியில் கவனிக்கப்படவில்லை என்ற முறுமுறுப்பு எழுந்தபோது அப்போஸ்தலர்கள் அதை அடக்கிவிடவில்லை, பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இந்தப் பழக்கம் வேலையிடத்துக்குப் போனால் இன்னும் கேடு செய்யும். ஃபெலோஷிப்பில் இருப்பவர்கள் இன்றோ நாளையோ ஆள் எடுக்கும் இடத்தில் அமர்வார்கள். ‘நம் சபைப் பையன், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று தொலைபேசி வரும். 2011 கணக்கெடுப்பின்படி நம் மாவட்டத்தில் இந்துக்கள் ஏறத்தாழ 48.7 விழுக்காடு, கிறிஸ்தவர்கள் 46.9 விழுக்காடு. இப்படிச் சரிபாதியாக வாழும் ஊரில் ஒரு சமூகம் தன் ஆளை மட்டும் ஏற்றிவிட்டால் மற்றவருக்கு அது எவ்வளவு வலிக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். 1982-இல் மண்டைக்காட்டில் வெடித்த மதக் கலவரத்தின் காயம் முதியவர்களிடம் இன்னும் இருக்கிறது. மேலாடை அணியும் உரிமைக்காக, அதை அனுமதித்த 1859 திருவிதாங்கூர் அரசாணை வரை அடிபட்ட பெண்களின் வழிவந்தவர்கள் இன்று நேர்முகத் தேர்வு மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள். விலக்கி வைக்கப்படுவது எப்படி இருக்கும் என்று அவர்கள் வீட்டுக் கதைகளே சொல்லும். தகுதியுள்ள ஒரு இந்துப் பிள்ளைக்கோ முஸ்லிம் பிள்ளைக்கோ கிடைக்க வேண்டிய வேலையைச் சபைப் பரிந்துரைக்காக மறுப்பது திருட்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பணியும் பணமும்

இறுதிப் பணி என்றவுடன் மருத்துவ முகாம், நோட்டுப் புத்தகம் வழங்குதல், பேனர் என்று போய்விடுகிறது. யாருக்காகச் செய்கிறோமோ அவர்களிடம் கேட்பதே இல்லை. ஒக்கிப் புயலுக்குப் பின், 2017 டிசம்பரில், குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் அமர்ந்த மீனவக் குடும்பங்கள் துணிமணி கேட்கவில்லை. காணாமல்போனவர்களை ஆழ்கடலில் தேடுவதைத் தீவிரப்படுத்துங்கள் என்று கேட்டார்கள். கேட்கும் காது இருந்தால் பணி தானே தெரியும். மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் ஸ்பென்சர் ஹாட்ச் 1920-களில் கிராமப் பணியைத் தொடங்கியபோது, ஊராரிடம் இருந்த சிறு வசதிகளைக் கொண்டே கோழியும் தேனீயும் வளர்க்கக் கற்றுக்கொடுத்தார். அந்தத் தேன் இன்றும் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது.

பணம் வந்தால் சட்டமும் வரும். வளைகுடாவில் வேலை செய்யும் இந்தியக் குடிமகனான அண்ணன் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை பெற்ற சித்தப்பா உங்கள் குழுவின் பணிக்கு அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைதான். அதற்கு எஃப்.சி.ஆர்.ஏ. எனப்படும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அத்தகைய பணம் புதுதில்லி ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் வர வேண்டும், பதிவுள்ள ஓர் அமைப்பு வாங்கி உங்களுக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. நல்ல காரியம்தானே என்று தனிப்பட்ட கணக்கில் வாங்கிச் செலவழிப்பது குற்றம். உள்ளூர்க் காணிக்கையாக இருந்தாலும் ரசீதும் இருவர் கையெழுத்தும் இருக்கட்டும்.

சிறியவை போலத் தெரியும் சிலவற்றையும் சொல்ல வேண்டும். இரவு எட்டு மணிக்குக் கூடுகை வைத்தால் பஸ்ஸை நம்பி வரும் பெண்கள் இரண்டாம் மாதமே நின்றுவிடுவார்கள். வாசிப்பும் பேச்சும் முழுக்க ஆங்கிலத்தில் நடந்தால் தமிழில் ஜெபிக்கிறவர்கள் வாய்மூடி இருப்பார்கள். பாடகர் குழு, ஓய்வுநாள் பள்ளி, வாலிபர் சங்கம், கன்வென்ஷன் வேலை எல்லாவற்றோடும் இதையும் சேர்த்துச் சுமப்பவரிடம், எத்திரோ தம் மருமகன் மோசேயிடம் சொன்னதை, இது நீ ஒருவனாய்ச் சுமக்க முடியாத பாரம் என்பதை, யாராவது சொல்ல வேண்டும். ஃபெலோஷிப்பில் சேரும் ஆண்டில் வேறு இரண்டு பொறுப்புகளைக் கீழே வையுங்கள். உபதேசியார் வருத்தப்படுவார்; பரவாயில்லை.

ஆண்டு முடிந்து பொன்னாடை போர்த்தி அனுப்புவதோடு நிறுத்திவிடுவதும் தவறு. வேலையில் உண்மையான சோதனை பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் வரும். மூன்று பேர், நான்கு பேராகப் பிரிந்து மாதம் ஒருமுறை தொடர்ந்து சந்தியுங்கள். முதல் மூன்று மாதத் தேதிகளைக் கடைசிக் கூடுகையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். பெங்களூருக்கோ வளைகுடாவுக்கோ போகிறவர் குழுவில் இருந்தால், கிளம்பும் முன்பே அங்கிருக்கும் நம்பகமான ஒருவரோடு அவரை இணைத்துவிடுங்கள்.